அத்தையிடமிருந்து தொடங்குங்கள்

கேள்வி: 1960களின் கடைசியில் தாத்தாவோடு திருநெல்வேலியிலிருந்து மும்பை தாராவிக்கு வந்தவர்கள் என் பெரியப்பா, அப்பா, அத்தை மூவரும். பெரியப்பாவுக்குப் பரேலில் துணி மில் வேலை. அப்பாவுக்கு ஒரு பாய் நடத்திய தோல் பட்டறை. மில் ஸ்டிரைக்கால் அத்தையின் கல்யாணம் தள்ளிப்போய், 1984-ல் ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். இவர்கள் கதையை நாவலாக எழுதுகிறேன். படித்தவர்கள் வரலாற்றுப் பாடம் போல இருக்கிறது என்கிறார்கள். என்ன செய்வது?
வாசகி, செம்பூர்

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் படித்தேன். ஒவ்வொன்றிலும் முதலில் செய்தித்தாள் வருகிறது, பிறகுதான் வீட்டு மனிதர்கள் வருகிறார்கள். ஸ்டிரைக் 1982 ஜனவரி 18-ல் தொடங்கியது, தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமை, சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள். எல்லாம் சரி. ஆனால் சம்பளம் நின்ற பிறகு வீட்டில் அரிசி யார் வாங்கினார்கள்?

உங்கள் அப்பாவாகத்தான் இருக்கும். அதுவரை அண்ணன் சொல்லுக்கு மறுசொல் பேசாத தம்பி, அண்ணன் குடும்பத்துக்கும் சேர்த்துச் சம்பாதிக்கிறார். அப்புறம் மாப்பிள்ளை வீட்டாரிடம் பேச யார் முன்னால் உட்கார்ந்தார்கள்? பெரியப்பா எந்த வார்த்தையை முழுங்கினார்? அந்த ஸ்டிரைக்கை முறைப்படி யாரும் முடித்துவைக்கவே இல்லை. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அண்ணன் தம்பிக்குள் வந்த கசப்பும் அப்படியே பேசித் தீராமல் நின்றிருக்கும். உங்கள் நாவல் அங்கேதான் இருக்கிறது. அத்தையின் கல்யாணம் தள்ளிப்போனதை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அதற்கு ஓர் அத்தியாயமே வேண்டும்.

1992-93 இந்து-முஸ்லிம் கலவரத்தையும் அவசரமாகத் தாண்டியிருக்கிறீர்கள். பட்டறை முதலாளி பாய் என்றால், அந்த நாட்களில் அப்பா வேலைக்குப் போனாரா, பெரியப்பா தடுத்தாரா? விசாரித்து எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்குப் பெருமை தராத பதில் வந்தாலும் மழுப்பாதீர்கள்.

பிறகு ஊர் நிலம். பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான பிறப்புரிமையை மகளுக்குத் தமிழ்நாடு 1989-ல் கொடுத்தது. அதற்கு முன்பே மணமான பெண்களுக்கு அது இல்லை. உங்கள் அத்தை அப்படித்தான் விடுபட்டார். 2005-ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது மணமான மகள்களுக்கும் அந்த உரிமை வந்தது. நிலத்தை எந்த வருஷம் பிரித்தார்கள், தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் அத்தை கையெழுத்துப் போட்டாரா என்று பாருங்கள். 2005-க்கு முன் என்றால் அண்ணன்கள் சட்டத்தின் பின்னால் நின்றுகொள்ளலாம். பின் என்றால் தங்கையின் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு கதை.

அதனால் முதலில் அத்தையைப் போய்ப் பாருங்கள். அண்ணன்கள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் போங்கள். ஃபோனில் பதிவு செய்யாதீர்கள், பேச்சு சுருங்கிவிடும். ஸ்டிரைக் பற்றிக் கேட்காமல், கல்யாணத்துக்குப் போட்ட நகை எது, அதை யார் வாங்கினார்கள் என்று கேளுங்கள். பெயர்களை மாற்றித்தான் எழுதப்போகிறீர்கள், ஆனாலும் அவர் வரும் பக்கங்களை அச்சுக்குப் போகும் முன் அவருக்கு வாசித்துக் காட்டிவிடுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்வதை எடுத்துவிடுங்கள்.