பரு மருந்தால் முகம் காய்ந்து உரிகிறது, ஆனாலும் எண்ணெய் வழிகிறது. என்ன செய்யலாம்?

பருவுக்கு ஜெல் போட ஆரம்பித்ததிலிருந்து மூக்கோரம் தோல் உரிகிறது, கழுவினால் எரிகிறது, ஆனாலும் மத்தியானத்துக்குள் நெற்றி மினுமினுக்கிறது. இது வறண்ட சருமமா எண்ணெய்ச் சருமமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான். எனக்கும் இதே ரகச் சருமம் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

எண்ணெய் வேறு, ஈரம் வேறு. எண்ணெய்ச் சுரப்பிகளை ஆட்டிவைப்பது ஹார்மோன். நீங்கள் வெளியே எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அது பாட்டுக்குச் சுரந்துகொண்டிருக்கும். ஈரத்தைப் பிடித்து வைப்பது வேறு சமாச்சாரம்: தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே இருக்கும் செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள். பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன், ட்ரெடினாயின், சாலிசிலிக் ஆசிட் எல்லாமே பருவைக் கவனிக்கும்போது இந்த அடுக்கையும் கொஞ்சம் கலைத்துவிடுகின்றன. நீர் வெளியேறிவிடும், எண்ணெய் மட்டும் மிஞ்சும். உரிந்த தோலின் மேலேயே பளபளப்பு தெரிவது அதனால்தான்.

வெறும் தண்ணீர் பட்டாலே எரிகிறது, சாதாரண மாய்ஸ்சரைசர்கூடக் காந்துகிறது என்றால் பரு மருந்துகளை ஒன்றிரண்டு வாரம் நிறுத்தி வையுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்ததாக இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பரு திரும்ப வந்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். இந்த மருந்துகள் முழுப் பலன் காட்டவே இரண்டு மூன்று மாதம் ஆகும். நடுவில் சில நாள் விட்டால் குடி முழுகிப் போகாது.

அந்த நாட்களில் வேலை குறைவுதான். ராத்திரி நுரை அதிகம் வராத மென்மையான ஃபேஸ்வாஷ், காலையில் வெறும் தண்ணீர் போதும். தோலின் பிஎச் (அமில-கார அளவு) சுமார் 5. சாதாரண சோப்புக்கட்டியுடையது 9, 10 வரை போகும். கழுவியதும் விரல் கிறீச்சிடுகிற அந்தச் 'சுத்தம்' நல்ல அறிகுறி அல்ல. ஸ்க்ரப், ஆல்கஹால் டோனர், களிமண் மாஸ்க், ஆவி பிடிப்பது எதுவும் இப்போது வேண்டாம். நடுப்பகலில் எண்ணெய் வழிந்தால் டிஷ்யூ பேப்பரை ஒற்றி எடுங்கள், மறுபடி கழுவ ஓடாதீர்கள்.

எண்ணெய்ச் சருமக்காரர்கள் மாய்ஸ்சரைசரைக் கண்டால் ஓடுவோம். அங்கேதான் எல்லாம் கெடுகிறது. கிளிசரின், ஹயலூரானிக் ஆசிட், பாந்தெனால், செராமைடு இவற்றில் இரண்டு மூன்று இருக்கிற, வாசனை சேர்க்காத லோஷனோ ஜெல் க்ரீமோ எடுத்து, முகம் லேசாக ஈரமாக இருக்கும்போதே தடவுங்கள். டப்பாவில் 'நான்-காமெடோஜெனிக்' (non-comedogenic, துளைகளை அடைக்காதது) என்று போட்டிருந்தால் நல்லது, ஆனால் அந்தச் சொல்லுக்குக் கறாரான விதிமுறை கிடையாது. உங்கள் தாடையில் சில நாள் தடவிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. நியாசினமைடு எண்ணெய்ச் சருமத்துக்கு ஒத்துப்போகிற பொருள்தான், 4, 5 சதவீதம் தாராளம். 10 சதவீத சீரம்கள் எரிகிற முகத்தில் இன்னும் எரியும். மூக்கு மடிப்பிலும் வாயோரத்திலும் வெடிப்பு இருந்தால் ராத்திரி துளியளவு பெட்ரோலியம் ஜெல்லி. பிசுபிசுப்பாக இருந்தாலும் அது துளைகளை அடைப்பதில்லை.

எரிச்சல் அடங்கியபின் மருந்துக்குத் திரும்பலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். அடாபலீன் என்றால் வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி, முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பது போல வைத்துப் பயனில்லை. மருந்து போடும் ராத்திரிகளில் மட்டும் கழுவிய முகம் நன்றாகக் காயட்டும், முதலில் மாய்ஸ்சரைசர், பிறகு மருந்து. பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமே 5, 10 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட சமமாக வேலை செய்யும், எரிச்சல் குறைவு. அதையும் சில நிமிடம் வைத்துக் கழுவிவிடும் ஃபேஸ்வாஷ் வடிவில் போட்டால் இன்னும் சாதுவாக இருக்கும். (கலர் துண்டில் பட்டால் திட்டுத் திட்டாக வெளுத்துவிடும். வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.) அடாபலீன், ட்ரெடினாயின் போன்ற ரெடினாய்டு போட ஆரம்பித்த முதல் சில வாரம் லேசாக உரிவது சகஜம். எரிச்சல் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவது சகஜமல்ல.

பகலில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்க்ரீன் கட்டாயம், இந்த மருந்துகள் போட்ட தோல் வெயிலில் சீக்கிரம் சிவக்கும். மற்றவை எரிந்தால் ஜிங்க் ஆக்சைடு உள்ளதை எடுங்கள்.

இது எல்லாம் மேலே பூசுகிற மருந்துக்குத்தான். ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எண்ணெய்ச் சுரப்பே சுருங்கிவிடும், அவர்களுக்கு ஜெல் போதாது, கெட்டியான க்ரீமும் லிப் பாமும் வேண்டும். கர்ப்ப காலத்தில் அந்த மாத்திரை கூடவே கூடாது; அடாபலீன், ட்ரெடினாயினையும் தவிர்க்கச் சொல்வார்கள். எதைப் போட்டாலும் தாங்காத முகம் என்றால் அசெலாயிக் ஆசிட் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், பருவுக்கும் சிவப்புக்கும் சேர்த்தே வேலை செய்யும். கண் இமை வீங்கினாலோ, கடுமையாக அரித்தாலோ, நீர் கசிந்தாலோ அது வறட்சி அல்ல, ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது மருந்தை உடனே நிறுத்திவிட்டு நேரில் போய்க் காட்டுங்கள்.