சீட் டியூப் விரிசல், துரு, சிக்கிய பில்லர்: பழைய ஸ்டீல் சைக்கிள் கேள்வி-பதில்

அப்பா ஓட்டிய சைக்கிள். சீட் டியூபின் (சீட்டைத் தாங்கும் ஃபிரேம் குழாய்) மேல்முனையில், போல்ட் இறுக்கும் பின்பக்கப் பிளவிலிருந்து கீழே விரிசல் ஓடியிருக்கிறது. கேட், கிரில் செய்பவர் ஐந்து நிமிட வேலை என்கிறார். கொடுக்கலாமா? (அல்சூர்)

கொடுக்காதீர்கள். அவரிடம் இருப்பது ஆர்க் மெஷின். சீட் டியூபின் கனமோ சுமார் ஒரு மில்லிமீட்டர். நல்ல ரேஸிங் ஃபிரேமில் அதற்கும் குறைவு. ஆர்க் பட்டதும் ஓட்டை விழும். விழாவிட்டாலும் பற்றவைத்த ஓரத்தில் இரும்பு இறுகிப்போய், அதையொட்டியே மறுபடி விரிசல் விடும். இதற்கு ஏற்றது கேஸில் பித்தளை ஒட்டு. பெங்களூரு சிவாஜி நகரிலோ கலாசிபாளையத்திலோ கேஸ் வெல்டிங் கடையில், "பித்தளை ராடும் வெங்காரமும் வைத்து ஒட்டுவீர்களா?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

முதலில் சீட் பில்லரை (சீட்டைத் தாங்கி இந்தக் குழாய்க்குள் இறங்கும் தண்டு) வெளியே எடுங்கள். அது அலுமினியமாக இருந்தால் 660 டிகிரியில் உருகும். பித்தளை ராடு உருக 900 டிகிரி வாக்கில் வேண்டும். அடுத்து விரிசலைச் சுற்றி 3 செ.மீ. பெயின்டைச் சுரண்டிவிட்டு டீசல் தடவி, துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். சற்று நேரத்தில் தூளில் ஈரக்கோடு ஒன்று தெரியும். அதன் கடைசி முனைதான் விரிசலின் உண்மையான முடிவு; கண்ணுக்குத் தெரிந்ததைவிட அநேகமாகச் சற்றுத் தள்ளியே இருக்கும். அங்கே 3 மி.மீ. துளை போட்டால் விரிசல் மேற்கொண்டு ஓடாது. பிறகு தின்னரால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பின்பே நெருப்பு. பசை இருந்தால் பித்தளை உருண்டு நிற்குமே தவிர, இரும்பில் ஒட்டாது.

சின்ன நாசில் போதும். குழாய் மங்கிய ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் ராடைக் காட்ட வேண்டும். பளீரென்று மஞ்சளடித்தால் சூடு மீறிவிட்டது. பக்கத்து லக்கில் (குழாய்கள் சேரும் இடத்து உறை) இருக்கும் பழைய பித்தளையும் இளகிவிடும். ஒட்டியதும் தண்ணீர் ஊற்றக் கூடாது, தானாக ஆறட்டும். கண்ணாடிபோல் படிந்த வெங்காரத்தை வெந்நீரில் ஊறவைத்து எடுங்கள். பிளவை ஹேக்ஸா பிளேடால் மறுபடி திறந்து, அதன் அடிமுனையில் 4 மி.மீ. வட்டத்துளை போடுங்கள். முனை கூராக இருந்தால் விரிசல் அங்கேதான் மறுபடி பிறக்கும். உள்ளே வழிந்த பித்தளையை அரம் வைத்து எடுத்தால்தான் பில்லர் இறங்கும்.

விரிசல் குழாயின் குறுக்கே ஓடியிருந்தால் இந்த வைத்தியம் கேட்காது. குழாயையே மாற்ற வேண்டும். எந்த நிலையிலும் பில்லரை உயரத் தூக்கி ஓட்டாதீர்கள். உள்ளே குறைந்தது 65 மி.மீ. இருக்க வேண்டும், அதன் அடி மேல்பாரின் லக்கைத் தாண்டி இறங்கியிருக்க வேண்டும். இப்படி விரிசல் விடுவதற்குப் பெரும்பாலும் அந்தக் குறைதான் காரணம்.

அலுமினிய பில்லர் அசையவே மாட்டேன் என்கிறது. சூடு காட்டலாமா? (ஃபிரேசர் டவுன்)

சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும், இன்னும் இறுகும். போல்ட்டைக் கழற்றி, ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்தி, பி.பி. கூடு (பெடல் ஆக்ஸில் சுழலும் அடிக்கூடு) வழியாக ஊடுருவும் எண்ணெயை விட்டு இரண்டு நாள் வையுங்கள். பிறகு பில்லரின் தலையை வைஸில் இறுக்கி, ஃபிரேமைப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாகத் திருப்புங்கள். ஒரே மூச்சில் முறுக்கினால் குழாய் கோணும். அதற்கும் அசையாவிட்டால் பில்லரை மேலே அறுத்துவிட்டு, உள்ளே ஹேக்ஸா பிளேடு விட்டு நீளவாக்கில் இரண்டு கோடு போட்டு உள்பக்கம் மடக்கி எடுங்கள். பொறுமையான வேலை, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும், இரும்பைத் தொடாது என்பது உண்மைதான். ஆனால் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு கிளம்பும், கொதிக்கும், பெயின்டும் போகும். ஃபிளாட் பால்கனியில் அதைச் செய்யவே வேண்டாம்.

புது பில்லர் போட்டும் சீட் இறங்கிக்கொண்டே இருக்கிறது. போல்ட்டை எவ்வளவு முறுக்குவது?

முறுக்காதீர்கள். பிளவின் இரண்டு காதுகளும் முட்டிவிட்டால் பிடிமானம் அதற்கு மேல் ஏறாது, காதுதான் ஒடியும். பில்லர் அளவு தவறு. வெர்னியரின் உள்தாடையை வைத்துக் குழாயின் உள்விட்டத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் பாருங்கள். தாடை எட்டும் ஆழம்வரை உள்ளே விடுங்கள். குழாயின் வாய் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், அந்த அளவு பொய். பில்லர்கள் 0.2 மி.மீ. வித்தியாசத்தில் வருகின்றன: 26.8, 27.0, 27.2 என்று. அந்த 0.2 குறைந்தாலே இறங்கும். குளிர்பான டப்பாத் தகடு சுமார் 0.1 மி.மீ.; பில்லரில் ஒரு சுற்று சுற்றினால் விட்டம் 0.2 கூடும். அதற்கு மேல் தேவைப்பட்டால் சரியான பில்லர்தான் வழி.

கீழே, பி.பி. கூட்டுக்கு மேல் துரு பொருமியிருக்கிறது. (கே.ஆர். புரம்)

சீட் பிளவில் இறங்கும் மழைத்தண்ணீர் தேங்கும் இடம் அது. காசால் தட்டிப் பாருங்கள்: கணீரென்றால் சரி, மொத்தென்றால் உள்ளே அரித்திருக்கிறது. கோணி ஊசியால் அழுத்தி உள்ளே போனால் ஓட்டாதீர்கள்; மேலே பட்டி பூசி பெயின்ட் அடிப்பது ஆபத்தை மறைப்பதுதான். கெட்டியாக இருந்தால் ஆக்ஸிலைக் கழற்றிவிட்டு, கூட்டின் அடியில் 5 மி.மீ. வடிகால் துளை போடுங்கள். குழாய்க்குள் இரண்டு கரண்டி காய்ச்சிய லின்சீட் ஆயில் விட்டு, ஃபிரேமை எல்லாப் பக்கமும் சாய்த்து, ஒரு வாரம் உலரவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி வைக்காமல் விரித்துக் காயப்போடுங்கள். சுருட்டினால் தானாகவே தீப்பற்றும்.

சீட் டியூபின் நடுவில் சின்ன நசுங்கல்?

விரிசலோ கூர்மடிப்போ இல்லாவிட்டால் அப்படியே ஓட்டுங்கள். நசுங்கல் பில்லர் இறங்கும் பகுதியில் இருந்தால் மட்டும், அதற்குக் கீழே பில்லரைத் தட்டி இறக்காதீர்கள். மாட்டிக்கொண்டால் இரண்டாவது கேள்விக்குத்தான் வர வேண்டியிருக்கும்.