தோல் கருகுது, தொடை வேகலை!

கேள்வி: ஓவனில் முழுக்கோழி சுட்டால் தோல் கருகிவிடுகிறது, தொடைக்குள் மட்டும் வேகவில்லை. ஏன்?
— வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு உள்ளே தள்ளியிருப்பீர்கள். ஏற்காட்டில் ஒரு கிறிஸ்துமஸுக்கு நானும் அதைத்தான் செய்தேன். கடைசியில் பிய்த்துப்போட்டு மிளகு வறுவலாக்கினோம்.

தோலோடு ஒன்றேகால் கிலோ கோழி கேளுங்கள் (சொல்லாவிட்டால் கடைக்காரர் உரித்துவிடுவார்). முந்தின இரவே உப்பும் இடித்த ஏற்காட்டு மிளகும் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். தோல் காய்ந்தால்தான் மொறுமொறுப்பு. மறுநாள் அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, 190 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் சுடுங்கள். மேலே சீக்கிரம் சிவந்தால் ஃபாயில் போர்த்துங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் வெப்பமானியைக் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும். அப்புறம், வெட்டுவதற்கு முன் 15 நிமிடம் பொறுங்கள்.