குப்பைக் கட்டணம் ஆன்லைனில் கட்டியாயிற்று, நிலுவை மட்டும் தீரவில்லை

கேள்வி: அம்மா பெயரில் உள்ள வீட்டுக்கு நகராட்சியின் குப்பைக் கட்டணம் அரையாண்டுக்கு 600 ரூபாய். ஜூன் 3 அன்று என் செல்போனில் யுபிஐ மூலம் கட்டினேன். ‘வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது’ என்று திரையில் வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன், ரசீதை டவுன்லோடு செய்யவில்லை, குறுஞ்செய்தியும் வரவில்லை. ஆகஸ்டில் பில் கலெக்டர் வந்து, கட்டணம் நிலுவையில் இருக்கிறது என்றார். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால், “இதெல்லாம் செல்லாதும்மா, மறுபடி கட்டிடுங்க. இல்லன்னா தண்ணி கனெக்‌ஷனை எடுத்துடுவாங்க” என்கிறார். 600 ரூபாய்தானே, கட்டிவிடு என்கிறார் கணவர். நான் திரும்பக் கட்ட வேண்டுமா? ஸ்கிரீன்ஷாட், வங்கிக் கணக்குப் பட்டியல், கட்டணம் கேட்டு நகராட்சி அனுப்பிய கேட்பு அறிவிப்பு மூன்றையும் இணைத்துள்ளேன்.

பதில்: சகோதரிக்கு வணக்கம். இப்போதைக்குக் கட்டாதீர்கள். முதலில் அந்த 600 ரூபாய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பணம் இருக்கும் இடத்தைப் பொறுத்துத்தான் நீங்கள் யாரிடம் கேட்பது, எந்தச் சட்டப்படி கேட்பது என்பதெல்லாம் முடிவாகும்.

இப்படி நடந்தால் எல்லோரும் முதலில் வங்கியைத்தான் சந்தேகிப்பார்கள். அது நியாயமான சந்தேகம்தான். கணக்கில் பணம் கழிந்து, பெறவேண்டியவருக்குப் பணம் செலுத்தியதற்கான உறுதித் தகவல் போய்ச் சேராவிட்டால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாட்களுக்குள் பணம் தானாகவே திரும்பிவிட வேண்டும் என்பது 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை. அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதை நீங்கள் புகார் கொடுத்துத்தான் பெற வேண்டும் என்றுகூட இல்லை, வங்கியே வரவு வைக்க வேண்டும். ஆனால் உங்கள் கணக்குப் பட்டியலில் ஜூன் 3-க்கு நேராக 600 பற்று இருக்கிறது. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் வரிவரியாகப் பார்த்தேன், திரும்ப வரவு இல்லை. திரையிலும் ‘வெற்றி’ என்றே இருக்கிறது. ஆக, பணம் வழியில் சிக்கவில்லை, போய்ச் சேர்ந்திருக்கிறது.

எங்கே சேர்ந்தது? நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் சின்ன எழுத்தில் வரிவிதிப்பு எண் இருக்கிறது. அதன் கடைசி மூன்று இலக்கம் 187. நகராட்சி அனுப்பிய கேட்பு அறிவிப்பில் உங்கள் அம்மா வீட்டுக்கான வரிவிதிப்பு எண் 178 என்று முடிகிறது. விரல் தவறி இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது. வேறு யாரோ ஒருவர் வீட்டுக் குப்பைக் கட்டணம் உங்கள் பணத்தில் தீர்ந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். ரசீதுக்கான குறுஞ்செய்தி உங்களுக்கு வராததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அந்த எண்ணுக்குப் பதிவான செல்போனுக்கு அது போயிருக்கும். பில் கலெக்டர் மீது நீங்கள் கோபப்பட வேண்டாம். அவர் கையில் இருக்கும் பட்டியலில் உங்கள் அம்மா வீட்டுக்கு நேராக நிலுவை என்றுதான் காட்டும்.

சரி, தவறு நம்முடையது என்பதால் பணம் போனது போனதுதானா? இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 72 இதற்காகவே இருக்கிறது. தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. கொடுத்தவரின் கவனக்குறைவால் நேர்ந்த தவறு என்றால் உரிமை கிடையாது என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. இங்கே பணத்தைப் பெற்றது நகராட்சி. உங்களுக்குத் தெரியாத அந்த வீட்டுக்காரரைத் தேடிப் போய்ச் சண்டை போடத் தேவையில்லை, போகவும் வேண்டாம். நகராட்சி தன் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியை நீக்கி இன்னொரு வரியில் எழுத வேண்டிய வேலை இது. அதைச் செய்துவிட்டு அந்த வீட்டுக்காரரிடம் அவர் நிலுவையைக் கேட்பது நகராட்சியின் பொறுப்பு.

அப்புறம், அந்த “ஸ்கிரீன்ஷாட் செல்லாது” என்ற பேச்சு. ஸ்கிரீன்ஷாட்டை யாரும் திருத்தலாம் என்பதால் அலுவலர்கள் தயங்குகிறார்கள், அதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் அது செல்லாக் காகிதம் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63, மின்னணுப் பதிவு எப்படிச் சாட்சியம் ஆகும் என்று சொல்கிறது. அதற்கு உரிய சான்றிதழ் கூடவே வேண்டும். உங்களுக்கு அதைவிட எளிய வழி உண்டு. வங்கிக் கிளைக்குப் போய் ஜூன் மாதக் கணக்குப் பட்டியலை, வங்கியின் சான்றோடும் முத்திரையோடும் கேளுங்கள். அப்படிச் சான்றளித்த நகலுக்கு 1891-ஆம் ஆண்டின் வங்கியாளர் ஏடுகள் சாட்சியச் சட்டப்படி தனி மதிப்பு இருக்கிறது. அதில் யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண் இருக்கும். இந்த விவகாரத்தில் உங்கள் உயிர்நாடி அந்த எண்தான். படத்தை நம்பாத அலுவலர்கூட அந்த எண்ணைத் தன் கணினியில் தேடிப் பார்க்கலாம்.

இனி மனு. நகராட்சி ஆணையருக்கு எழுதுங்கள், பில் கலெக்டரிடம் வாய்வார்த்தையாக முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு பக்கம் போதும். “ஜூன் 3 அன்று இன்ன பரிவர்த்தனை எண்ணில் 600 ரூபாய் செலுத்தினேன். எங்கள் வரிவிதிப்பு எண் இது. எண்ணைப் பதியும்போது தவறுதலாக இந்த எண் பதிவாகிவிட்டது. தொகையை எங்கள் எண்ணுக்கு மாற்றி வரவு வைத்து ரசீது தரவும். இது முடியும்வரை நிலுவைக்கான நடவடிக்கை எதையும் எடுக்க வேண்டாம்.” இவ்வளவுதான். கோபம், வரலாறு, அலுவலர் பேசிய பேச்சு எதுவும் மனுவில் வேண்டாம். இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரை விழுந்த நகலை ரசீதைவிடப் பத்திரமாக வையுங்கள்.

ஒரு மாதம் பார்த்தும் அசைவு இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். கேள்வியை எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. “187-ல் முடியும் எண் யாருடையது, அவர் என்ன கட்டினார்” என்று கேட்டால், அது பிறருடைய தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடலாம். “இந்தப் பரிவர்த்தனை எண்ணில் நான் செலுத்திய தொகை எந்தத் தேதியில், எந்த வரிவிதிப்பு எண்ணில் வரவு வைக்கப்பட்டது, என் மனுவின் மேல் எடுத்த நடவடிக்கை என்ன” என்று கேளுங்கள். அது உங்கள் பணம், உங்கள் மனு.

தண்ணீர் இணைப்பு பற்றிய மிரட்டல் உங்களை ரொம்பப் பயமுறுத்தியிருக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. வாசலில் நின்று வாயால் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிட முடியாது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் அந்த அதிகாரம் என்று காட்டி, எழுத்தில் அறிவிப்பு தந்து, உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகுதான் அந்தப் பேச்சு. அறிவிப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். உண்மையிலேயே எழுத்தில் வந்து, கெடு நெருங்கிவிட்டால், அப்போது 600 ரூபாயைக் கட்டிவிடலாம். ஆனால் “ஏற்கெனவே செலுத்தியுள்ளேன், ஆட்சேபணையுடன் இதைச் செலுத்துகிறேன், முந்தைய தொகையைத் திரும்பக் கோரும் உரிமை எனக்கு உண்டு” என்று ஒரு கடிதமும் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். ஒன்றும் எழுதாமல் மறுபடி கட்டினால், முதலில் கட்டியதே இல்லை என்று நீங்களே ஒத்துக்கொண்டதாக நாளைக்குப் பேச இடம் கொடுத்ததாகும்.

இதற்கும் மசியவில்லை என்றால் எங்கே போவது? நுகர்வோர் ஆணையம் என்று பலரும் சொல்வார்கள். வங்கி தவறு செய்திருந்தால் அது சரியான இடம். உள்ளாட்சி வசூலிக்கும் தொகையை அங்கே கொண்டுபோனால் நீங்கள் நுகர்வோரா இல்லையா என்ற வாதத்திலேயே காலம் போகும். நான் சொல்வது நிரந்தர மக்கள் நீதிமன்றம். மக்கள் நீதிமன்றம் என்றால் இரண்டு தரப்பும் ஒத்துவந்தால் முடியும், இல்லையேல் கலையும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நிரந்தர மக்கள் நீதிமன்றம் வேறு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் 2002-ல் சேர்த்த பிரிவுகளின் கீழ் வருவது. பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் பற்றிய தகராறுகளை அது எடுத்துக்கொள்ளும். அந்தச் சேவைகளின் பட்டியல் பிரிவு 22-ஏ-யில் இருக்கிறது: போக்குவரத்து, தபால், மின்சாரம், தண்ணீர், அப்புறம் பொதுத் துப்புரவும் சுகாதாரமும். குப்பை அள்ளுவது இதில் நேராக வந்து உட்காருகிறது. முதலில் சமரசம் பேசுவார்கள். நகராட்சி ஒத்துவராவிட்டாலும் வழக்கின் தகுதியைப் பார்த்துத் தீர்ப்பே சொல்லலாம். அந்தத் தீர்ப்பு உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணை போலச் செல்லும். நீதிமன்றக் கட்டணம் இல்லை. இவ்வளவு நல்ல வழியைச் சின்னத் தொகைக்காரர்கள் தெரியாமலே விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேளுங்கள், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். நீங்கள் பெண் என்பதால் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அதே சட்டத்தின் பிரிவு 12 படி இலவச வழக்கறிஞர் உதவி பெற உரிமை உண்டு.

உங்கள் கணவர் சொல்வதிலும் ஒன்று சரி. மொத்தக் கட்டணமே வேண்டாம் என்று மறுத்துவிட முடியாது. பேச்சில் குப்பை வரி என்கிறோம், உண்மையில் அது சேவைக்கான கட்டணம். கழிவை உண்டாக்கும் ஒவ்வொருவரும் அதைக் கட்ட வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. அடுத்த அரையாண்டுக் கட்டணம் வரும்போது பழைய தகராறைக் காரணம் காட்டி நிறுத்தாதீர்கள். அதைச் சரியான எண்ணில் கட்டுங்கள். பணம் அனுப்பும் முன் திரையில் வரும் உரிமையாளர் பெயர் அம்மா பெயர்தானா என்று பாருங்கள், ரசீதை உடனே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

மனு எழுதும்போது மறக்க வேண்டாத ஒன்று. பணம் போனது உங்கள் கணக்கிலிருந்து, வீடு அம்மா பெயரில். நீங்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால் “வீட்டுக்காரர் வரட்டும்” என்பார்கள். அம்மா மட்டும் போட்டால் “பணம் கட்டியவர் வேறு ஆள்” என்பார்கள். அதனால் இருவரும் கையெழுத்திடுங்கள்.