மிஷின் மேலே இருப்பவர்

அன்புள்ள அண்ணன்,

எனக்கு ஆத்தூர் பக்கம். நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறேன். எட்டு வருஷமாக சம்பா அறுப்புக்கு மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் வந்து போகிறேன். ராத்திரி படுத்துக்கொண்டு போனில் கதை மாதிரி எழுதுவேன். ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கூட இருப்பவன் பார்த்துவிட்டு, “எழுதுறதுக்கு படிச்சவங்க இருக்காங்க, உனக்கு எதுக்கு?” என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆளாளுக்கு எதற்காக எழுதுகிறார்கள்? வெளியூர்க்காரன் உங்கள் ஊரைப் பற்றி எழுதலாமா? ஒற்றுப்பிழை வேறு நிறைய வருகிறது.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

அன்புள்ள தம்பி,

கதையைப் படித்தேன். முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்களுக்கு ஒன்பது மா நிலம், ஏறக்குறைய மூன்று ஏக்கர். அறுப்பன்று வரப்பில் நின்று போனில் மணி பார்த்துக்கொண்டே இருப்பேன். வாடகை மணிக்கணக்கு அல்லவா? வண்டி கொஞ்சம் மெதுவாகப் போனால் போதும், “மணியை ஏத்துறான் பாரு” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வேன். உங்கள் கதையிலும் அதே வரப்பு, அதே ஆள். ஆனால் மேலே உட்கார்ந்திருப்பவருக்கு மழையில் சாய்ந்த பயிர் தெரிகிறது. கத்தியைத் தரையை ஒட்டி இறக்க வேண்டும். வேகம் கூடினால் மண்ணும் சேர்ந்து வரும், கொஞ்சம் தூக்கினால் கதிர் கீழேயே கிடந்துவிடும். அதற்கும் வரப்பில் நிற்கிறவர்தான் திட்டுவார். படிக்கும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது.

உங்கள் கதையை நாங்கள் டீக்கடையில் ஏற்கனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம், தம்பி. அதில் நீங்கள் மணி ஏற்றுகிறவர். இதை அந்த நண்பரிடம் சொல்லுங்கள்.

நாகப்பட்டினம் பக்கத்து வெண்மணி கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கூலிக்காகப் போராடிய தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கும்பகோணத்தில் வளர்ந்து டெல்லியில் இருந்த இந்திரா பார்த்தசாரதி அதை வைத்து நாவல் எழுதினார், சாகித்ய அகாதெமி விருதும் வந்தது. அதற்குப் பல வருஷம் கழித்து, திருவாரூர்ப் பக்கத்துக்காரரான சோலை சுந்தரபெருமாள் அதையே தன் நாவலில் எழுதினார். ஒருவர் எழுதியாயிற்றே என்று இவர் விடவில்லை. விட்டிருக்கவும் கூடாது. இதில் உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் வழக்கை யார் தீர்ப்பது? நீங்கள் பாட்டுக்கு எழுதுங்கள்.

எல்லாரும் வழக்காடத்தான் எழுதுகிறார்கள் என்றும் சொல்லமாட்டேன். கும்பகோணம் எம்.வி. வெங்கட்ராம் வீட்டில் பேசியது சௌராஷ்டிரம், பார்த்தது ஜரிகை வியாபாரம், எழுதியது தமிழ். காதுக்குள் ஓயாமல் குரல்கள் கேட்டு அவர் பட்ட பாடு நாவலாயிற்று. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 1938-இல் அவருடைய நாவல் அச்சில் வந்துவிட்டது. படிச்சவங்க இருக்காங்க என்கிறவருக்கு இதையும் சொல்லலாம்.

எங்கள் தெருவில் ஒரு ஆத்தா இருந்தார், கையெழுத்துப் போடத் தெரியாது. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுவார். ஒப்பாரி இரண்டு அடி செத்தவருக்குப் போகும், மூன்றாவது அடியில் ஆற்றோடு போன தன் மகன் வந்துவிடுவான். ஒவ்வொரு சாவிலும் அவனுக்கு ஒரு புது அடி சேரும். ஒரு தடவை சிவப்பு டவுசர். இன்னொரு தடவை அவன் தின்னாமல் வைத்துவிட்டுப் போன பழைய சோறு. சாவு வீட்டுக்காரர்கள் யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. எதற்காக என்று நானும் அவரிடம் கேட்டதில்லை.

ஒற்றுப்பிழை பெரிய விஷயமில்லை, எனக்கும் ஒருவர் திருத்தித்தான் தருகிறார்.

சரி, கதைக்கு வருகிறேன். நிலா வருகிற பக்கத்தை எடுத்துவிடுங்கள். இந்தப் பக்கத்து நிலாவை நாங்கள் எழுதித் தேய்த்துவிட்டோம். கடைசித் துண்டுப் பயிருக்குள் ஒதுங்கின எலிகளெல்லாம் மிஷின் லைட்டில் ஒரே நேரத்தில் வெளியே பாய்கின்றன, பையன்கள் கம்போடு காத்திருக்கிறார்கள், வண்டியை நிறுத்தலாமா என்று அவன் யோசிக்கிறான். இது மூன்றே வரியில் போய்விடுகிறது. நிறுத்தினானா இல்லையா என்று நீங்கள் எழுதவே இல்லை. வரப்பில் மணி பார்த்துக்கொண்டிருந்தவர் அப்போது என்ன சொன்னார் என்றும் எழுதி, திரும்ப அனுப்புங்கள்.