பழைய செல்போன் பேடென்ட்டை முறிக்குமா?

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். ஒரு வீட்டுச் சாமான்களோடு, சிங்கப்பூரில் வாங்கிய பழைய செல்போன்கள் கையேட்டோடு வந்தன. இவற்றில் உள்ள வசதிக்கு இனி யாராவது பேடென்ட் (கண்டுபிடிப்புக்கான காப்புரிமை) கேட்டால் மறுக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் போனைவிடக் கையேட்டுக்குத்தான் மதிப்பு. தயவுசெய்து அதைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது என்று வாதிட, அந்தப் புழக்கம் இந்தியாவில் நடந்திருக்க வேண்டும். சிங்கப்பூர் விற்பனை சேராது. அச்சில் வந்ததற்கு அந்த வரம்பில்லை, எந்த நாட்டில் வெளியானாலும் செல்லும்.

விரலால் தள்ளிப் போனைத் திறக்கும் முறைக்கு ஆப்பிள் 2005 டிசம்பரில் விண்ணப்பித்தது. சுவீடனின் நியோநோடு என்1 என்ற போனின் கையேட்டிலோ, வலப்புறம் விரலை இழுத்தால் திறக்கும் என்று அதற்கு முன்பே இருந்தது. ஆப்பிளின் கோரிக்கை வாசகத்தில் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று பேடென்ட்டில் சொல்லும் பகுதி), விரலோடு திரையில் ஒரு படமும் நகர வேண்டும். நியோநோடில் படம் நகராது. வழக்கே இந்த வித்தியாசத்தில்தான் நின்றது. படத்தை நகர்த்துவது துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றுவதே என்று லண்டன் நீதிமன்றம் 2012-இல் பேடென்ட்டைத் தள்ளியது. ஜெர்மன் உச்ச நீதிமன்றமும் 2015-இல் தள்ளியது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல் ஆப்பிளுக்குச் சாதகமாகத் தீர்த்தது.

ஆகவே பேடென்ட்டின் முதல் கோரிக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே கையேட்டின் பக்க எண்ணை எழுதுங்கள். பலர் விளக்கப் பகுதியோடு ஒப்பிட்டு ஏமாறுகிறார்கள். தேதியிலும் கவனம்: பார்க்க வேண்டியது முன்னுரிமைத் தேதி, அதாவது அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த நாள். கையேடு அதற்கு முன்பே வெளியாகியிருக்க வேண்டும். வெளிநாட்டில் முதலில் பதிந்திருந்தால், அது இங்கு விண்ணப்பித்த நாளுக்கு முந்தியிருக்கும்.

நோக்கியாவில் *#0000# அழுத்தினால் மென்பொருள் பதிப்பும் தேதியும் வரும். படம் எடுத்து வையுங்கள். சர்வீஸில் மென்பொருளை மாற்றியிருந்தால் பிந்திய தேதி காட்டும். அப்போது அந்த வசதி வாங்கும்போதே இருந்ததென்று போனை வைத்து நிறுவ முடியாது, கையேடுதான் கைகொடுக்கும். உப்பிய பேட்டரியை மட்டும் உடனே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: பேடென்ட் விண்ணப்பத்துக்கான எதிர்ப்பை எங்கே, எப்போது கொடுப்பது? (தேவகோட்டை வாசகர்)

பதில்: விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியான பின், பேடென்ட் வழங்கும் முன், யார் வேண்டுமானாலும் படிவம் 7ஏ கொடுக்கலாம். விண்ணப்பம் எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கே. சென்னை என்றால் கிண்டி. வெளியாகி 6 மாதம் வரை பேடென்ட் வழங்க மாட்டார்கள், அதற்குள் கொடுத்துவிடுங்கள். வழங்கி அறிவித்த பிறகு ஓராண்டுக்குள் படிவம் 7 உண்டு. ஆனால் அது அதே துறையில் தொழிலோ ஆராய்ச்சியோ செய்வோர் போன்ற சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டுமே. பழம்பொருள் கடைக்காரர் அந்தத் தகுதியைக் காட்டுவது கடினம்.