மூடியைத் திறக்குமுன்: அமோனியா நீர் பற்றிய கேள்விகள்

புறக்கோட்டையில் வாங்கிய போத்தலில் ‘அமோனியம் ஐதரொட்சைட்டு 25%’ என்று ஒட்டியிருக்கிறது. உயர்தரம் படிக்கும் மகன், போத்தலுக்குள் அப்படி ஒரு சேர்வையே இல்லை என்கிறான். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (வெள்ளவத்தை வாசகி)

ஏமாற்றவில்லை. மகன் சொல்வதும் சரி. அந்தப் பெயர் பழைய வழக்கம். உள்ளே இருப்பது தண்ணீரில் கரைந்த அமோனியா வாயு. லீற்றருக்கு 17 கிராம் அமோனியா கரைந்த கரைசலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆயிரம் மூலக்கூறுகளுக்கு நாலுதான் தண்ணீரிடமிருந்து ஒரு புரோத்தனை வாங்கி அமோனியம் அயனாகும். அதே கணக்கில் ஐதரொட்சைட்டு அயன்களும் உண்டாகும். மிச்சம் 996-உம் அமோனியாவாகவே கிடக்கும். அதனால்தான் இதை மென்மூலம், அதாவது வலுக்குறைந்த காரம், என்று படிப்பிக்கிறோம். ஆனாலும் அந்த நாலே சிவப்புப் பாசிச்சாயத்தாளை நீலமாக்கிவிடும். காரத்தன்மையைக் காட்டும் பீஎச் பெறுமானம் 11.6 வரை ஏறும்.

வீட்டில் புழங்குபவர் கவனிக்க வேண்டியது அந்த 996-ஐ. 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் தண்ணீர் ஏறக்குறைய 700 லீற்றர் அமோனியா வாயுவை உள்வாங்கும். சூடு ஏறினால் அதைப் பிடித்துவைக்க முடியாது. 0 பாகையில் லீற்றருக்கு 900 கிராம் அளவில் கரைவது, 20 பாகையில் 500 கிராம் சொச்சமாகிவிடும். கொழும்பில் நம் வீடுகள் சித்திரையில் 30-ஐத் தாண்டி நிற்கும். நான் படிப்பித்த பள்ளிக்கூடமொன்றில் யன்னலோர அலுமாரியில் இருந்த செறிந்த அமோனியாப் போத்தலை, அப்படியொரு சித்திரை மத்தியானத்தில், முகத்துக்கு நேரே பிடித்துத் திறந்துவிட்டேன். மூடி கழன்ற கணத்தில் மூச்சு நின்றுபோனது. கண் எரிச்சல் அன்றிரவுவரை அடங்கவில்லை. அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது மூடி திறக்கும் முறையைத்தான்: குளிர்ந்த இடத்தில் வை, முகத்தைத் திருப்பு, மெல்லத் திருகு.

வீட்டுக்கு 25% வேண்டவே வேண்டாம். துப்புரவு வேலைக்கு 5 முதல் 10 சதவீதமே தாராளம். கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். காரம் கண்ணுக்குள் ஆழமாக இறங்கக்கூடியது.

தொடர்மாடி வீட்டுக் குளியலறைக்கு யன்னல் இல்லை. அமோனியாவையும் ப்ளீச்சையும் சேர்த்துத் தேய்த்தால் கறை சீக்கிரம் போகும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். செய்யலாமா? (பம்பலப்பிட்டி)

தயவுசெய்து செய்யாதீர்கள். ப்ளீச்சில் இருக்கும் சோடியம் ஐப்போகுளோரைற்று அமோனியாவோடு தாக்கமுற்றுக் குளோரமீன்கள் என்னும் நச்சு வாயுக்களை உண்டாக்கும். அவை நுரையீரலின் ஈரத்தில் கரைந்து அதைப் புண்ணாக்கும். யன்னலில்லாத சிறு அறையில் அந்த வாயுவுக்குப் போக்கிடம் உங்கள் மூச்சுக்குழாய்தான்.

அமோனியாப் போத்தல் இல்லாத வீட்டிலும் இது நடக்கலாம். சிறுநீர் ஊறிக் காய்ந்த இடத்தில், பூனைக்கு வைக்கும் மண்தட்டில், யூரியா சிதைந்து அமோனியா உண்டாகியிருக்கும். அதன்மேல் ப்ளீச் ஊற்றினாலும் அதே தாக்கம்தான். முதலில் வெறும் தண்ணீரால் நன்றாக அலசுங்கள். அமிலமுள்ள மலசலகூடத் திரவத்தோடும் ப்ளீச்சைச் சேர்க்கக் கூடாது, அதில் குளோரீனே வெளிவரும்.

தவறுதலாகக் கலந்துவிட்டால், தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கிறேன் என்று உள்ளே நிற்காமல் வெளியேறுங்கள். கதவைத் திறந்தபடி விட்டு, காற்றோட்டமுள்ள இடத்துக்குப் போங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் 1990-க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அந்த அக்காவிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

காலி வீதியோரம் குடியிருக்கிறோம். யன்னல் கண்ணாடியில் உப்புப் படலமும் வாகனப் புகையும். அமோனியா உதவுமா?

உதவும். உப்பு தண்ணீருக்கே கரையும், எண்ணெய்ப் பிசுக்கைத்தான் அமோனியா கழற்றும். வீட்டுக்கான அமோனியா இரண்டு மேசைக்கரண்டியை ஒரு லீற்றர் தண்ணீரில் விட்டுத் துடையுங்கள். காய்ந்தபின் அமோனியா பறந்துவிடுவதால் கண்ணாடியில் வெள்ளைக் கோடு மிஞ்சாது.

அம்மம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கை இதில் ஊறவைக்கலாமா? (கொட்டாஞ்சேனை)

வேண்டாம். பளபளப்பு வரும், தண்ணீரும் அழகான கருநீலமாகும். அந்த நீலம் உங்கள் விளக்கின் செம்பு. அமோனியா செம்பு அயனைச் சூழ்ந்துகொண்டு அதைக் கரைசலுக்குள் இழுத்துவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, உலோகத்தில் விழும் விரிசல். பிரித்தானியர் கால இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் தாமாகவே பிளந்தன. காரணம் 1921 வாக்கில்தான் தெளிவானது: குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும் ஈரக்காற்றும், அடித்து உருவாக்கிய பித்தளைக்குள் தங்கியிருந்த இழுவிசையும் சேர்ந்தே அதைப் பிளந்திருக்கின்றன. உங்கள் விளக்கிலும் தகட்டை அடித்து வளைத்த பாகங்கள் இருக்கக்கூடும். பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கழுவி, உடனே துடைத்து வையுங்கள்.

களுத்துறைப் பக்கம் இறப்பர்பால் சேகரிக்கும் இடங்களில் ஏன் அமோனியா நெடி? (தெமட்டகொடை)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஆசியாவில் இறப்பர் மரம் வேரூன்றியது நம் கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்தில், 1876-இல். மரத்தில் வெட்டிய பால் சில மணித்தியாலங்களில் திரைந்துவிடும். பால் துளிகள் மறை மின்னேற்றம் (−) கொண்ட புரதப் போர்வையோடு ஒன்றையொன்று தள்ளி மிதப்பவை. பற்றீரியாக்கள் பாலிலுள்ள சீனிச்சத்தைத் தின்று அமிலம் விடும்போது அந்த ஏற்றம் குறைந்து துளிகள் ஒட்டிக்கொள்ளும். அமோனியா பீஎச்சை உயர்த்தும், பற்றீரியாவையும் அடக்கும். கையுறைக்கும் பலூனுக்கும் போகும் 60% செறிவூட்டிய பாலில் வழமையாக 0.7% அளவில் அதைச் சேர்ப்பார்கள்.

சோடியம் ஐதரொட்சைட்டு போட்டாலும் பீஎச் ஏறுமே என்று கேட்கலாம். அது இறப்பருக்குள்ளேயே தங்கிவிடும். அமோனியா காயவைக்கும்போது பறந்துவிடும்.

மகளின் புதுத் தொட்டியில் தங்கமீன்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவு.

தெளிவை நம்பாதீர்கள். மீனின் கழிவே அமோனியா. அதை நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்கள் புதுத் தொட்டியில் வளரச் சில வாரமாகும். அமோனியம் அயன் மீனை அவ்வளவாகத் தாக்காது, அயனாகாத அமோனியாவே கொல்லும். 25 பாகையில் பீஎச் 7 என்றால் மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட அந்த வடிவில் இராது. பீஎச் 8 ஆனால் ஐந்துக்கு மேல். இன்றைக்கே கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரைக் குளோரீன் நீக்கியபின் ஊற்றுங்கள். தீனியைப் பாதியாக்குங்கள். இன்னும் ஒரு மாதத்துக்குப் புதுமீன் வாங்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.